ஊன்ற முடியாத குதிகால்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலின் உள்பக்கத்தில் சுரீரென்று ஒரு வலி. பத்துப் பதினைந்து அடி நொண்டி நடந்ததும் சற்று அடங்குகிறது. மத்தியானம் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே வலி. இரவு அடுப்படியை ஒதுங்க வைத்துவிட்டு வரும்போது பாதம் முழுக்கக் கனக்கிறது. இந்த வரிசையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் இருப்பவர்கள். துணிக்கடை ஊழியர், ஆசிரியர், செவிலியர், காவலர், சமையல்காரர், வீட்டு வேலை முழுவதையும் தாங்கும் பெண்கள் என்று நின்றே பிழைப்பவர்கள் இவர்களில் அதிகம். வாழ்நாளில் பத்தில் ஒருவருக்கு இந்த வலி வரும் என்பது மருத்துவ நூல்கள் தரும் பொதுக் கணக்கு.

இது உயிரைக் கொல்லும் நோய் இல்லை என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இரண்டு வருடம் குதிகாலை ஊன்றாமல் நடந்தவருக்கு முழங்காலும் இடுப்பும் சேர்ந்து வலிக்கத் தொடங்குகின்றன. நடைப்பயிற்சி நிற்கிறது, எடை ஏறுகிறது, ஏறிய எடை குதிகாலுக்கே திரும்பி வருகிறது. இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடியவை எவை, அவற்றில் எவை ஆய்வில் தேறியிருக்கின்றன, எந்தக் கால்களில் கைவைத்தியமே ஆபத்து என்பதை ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை. குதிகால் வலி அடிப்படையில் சுமைப் பிரச்சினை என்பது என் முடிவு. தாங்க முடியாத சுமையை முதலில் இறக்க வேண்டும். பிறகு, தாங்கும் வலுவை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். வீட்டு வைத்தியம் என்று நாம் செய்பவற்றில் பாதி இந்த இரண்டில் எதையுமே செய்வதில்லை. ஒத்தடம் கொடுத்து ஆறுதல் தேடுவதோடு நின்றுவிடுகிறோம்.

குதிகால் எலும்பின் அடியிலிருந்து கால்விரல்கள் வரை தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. மருத்துவர்கள் இதை பிளான்டார் ஃபேசியா என்கிறார்கள். பாதத்தின் வளைவைத் தாங்குவது பெருமளவு இதுதான். நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும்பி விரல்கள் மேல்நோக்கி மடங்குகின்றன. அப்போது இந்தப் பட்டை இழுபட்டு விறைக்கிறது, பாதம் உறுதியான நெம்புகோலாகிறது. 1954இல் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் இந்த இயக்கத்தை விளக்கினார். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையை விடச் சற்றுக் கூடுதலான விசை பாதத்தில் இறங்குகிறது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான அடிகள் என்று கணக்கிட்டால் பட்டை எலும்போடு ஒட்டும் அந்தச் சிறு இடத்தின் பாடு விளங்கும். இரவில் பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடப்பதால் பட்டை சுருங்கிய நிலையிலேயே இருக்கிறது. விடிந்ததும் முழு எடையும் திடீரென்று அதன்மேல் விழுகிறது. அதனால்தான் வலி முதல் அடியில் உச்சத்தில் இருக்கிறது.

இந்த நோய்க்கு பிளான்டார் ஃபேசியைடிஸ் என்று பெயர், அதாவது அழற்சி. ஆனால் 2003இல் ஹார்வி லெமாண்டும் உடனிருந்தவர்களும் அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்ட 50 பேரின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சிக்கான அடையாளம் கிடைக்கவில்லை. நார்கள் சிதைந்து, ஒழுங்கு குலைந்திருந்ததைத்தான் கண்டார்கள். நாள்பட்ட குதிகால் வலியில் முக்கியமாக நடப்பது தேய்மானமும் அரைகுறையான பழுதுபார்ப்பும் என்ற பார்வை அதன்பிறகு வலுப்பட்டது. வீட்டில் இருப்பவருக்கும் இந்தக் கண்டுபிடிப்பு முக்கியம். அழற்சியை அடக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் ஏன் பலன் இல்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

எக்ஸ்ரே எடுத்தவர்கள் சொல்வது வேறு. “குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்காம், முள் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்காம்.” அந்த வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து காலை ஊன்றவே பயப்படுபவர்கள் உண்டு. முள் உள்ளே குத்துகிறது, அதை வெட்டியெடுத்தால்தான் தீரும் என்று நம்புகிறார்கள். ரோன்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல். ஐந்தே ஆண்டுகளில், 1900இல், பிளெட்னர் என்ற ஜெர்மானியர் இந்த எலும்பு நீட்சிக்கு ‘குதிகால் முள்’ என்று பெயர் வைத்துவிட்டார். புதிய கருவி எதைக் காட்டியதோ அதன்மேல் பழி விழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேகவெட்டை நோய்தான் இந்த முள்ளை வளர்க்கிறது என்றுகூடச் சில மருத்துவர்கள் எழுதினார்கள். நோயாளிகளுக்கு வலியோடு அவமானமும் சேர்ந்தது. இன்று தெரிந்த உண்மை என்னவென்றால், வலியே இல்லாத பத்துப் பேரைப் படம் எடுத்தால் ஒருவருக்கோ இருவருக்கோ முள் இருக்கும். கடும் வலியுள்ள பலருக்கு முள்ளே இருக்காது. முள் அப்படியே இருக்க வலி மட்டும் போய்விடுவது அன்றாட அனுபவம். எனவே எக்ஸ்ரேயில் முள் தெரிந்தால் கலங்க வேண்டாம். அது பல வருட இழுவிசைக்கும் அழுத்தத்துக்கும் எலும்பு தந்த பதில், அவ்வளவே.

யாருக்கு வருகிறது என்பதை 2003இல் டேனியல் ரிடில் குழுவினர் ஆராய்ந்தார்கள். வலியுள்ள 50 பேரை வலியில்லாத 100 பேரோடு ஒப்பிட்டார்கள். உடல் பருமன் குறியீடு 30க்கு மேல் இருந்தவர்களுக்கு வாய்ப்பு சுமார் 5.6 மடங்கு அதிகம். வேலை நேரத்தில் பெரும்பகுதி நிற்பவர்களுக்கு 3.6 மடங்கு. எல்லாவற்றையும் மிஞ்சியது கெண்டைக்கால் இறுக்கம். முழங்காலை நீட்டி வைத்துப் பாதத்தை முகத்தை நோக்கி மடக்கும்போது செங்கோணத்தைத் தாண்ட முடியாதவர்களுக்கு வாய்ப்பு 20 மடங்குக்கும் மேல். சிறிய ஆய்வுதான், எண்களை அப்படியே வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. எடையைக் குறைக்க மாதங்கள் ஆகும், வேலையை மாற்றுவது எல்லோராலும் முடியாது. கெண்டைக்காலைத் தளர்த்துவதை இன்றைக்கே தொடங்கலாம்.

அதற்கு முன், வலி இதுதானா என்று உறுதி செய்துகொள்வது அவசியம். குதிகாலின் அடியில், சற்று உள்பக்கமாகக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரே இடத்தில் வலிக்கிறது, காலை முதல் அடியில் அதிகம் என்றால் பெரும்பாலும் இதுவே. குதிகாலின் நடுவில் ஆழமாக, வெறுங்காலோடு கடினமான தரையில் நிற்க நிற்க வலி கூடினால் அங்குள்ள கொழுப்பு மெத்தை தேய்ந்திருக்கலாம். வயதானவர்களிடமும் அந்த இடத்தில் பலமுறை ஊசி போட்டுக்கொண்டவர்களிடமும் இதைப் பார்க்கலாம். குதிகாலின் பின்பக்கம், செருப்பு வார் படும் இடத்தில் வலித்தால் அது அக்கிலிஸ் தசைநார் சம்பந்தப்பட்டது. எரிச்சல், கூச்சம், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு என்றால் நரம்பு நெருக்கப்படுகிறது. எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்து குதிகால் வலிக்கிறது என்றால், பெரும்பாலும் வளர்ச்சித் தட்டின்மேல் விழும் இழுவிசைதான் காரணம். 1912இல் அதை விவரித்த செவரின் பெயரால் அது அறியப்படுகிறது. விளையாட்டைச் சில வாரங்கள் குறைத்தாலே அடங்கும்.

சிலரை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. முப்பது வயதுக்குள் இருப்பவருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகும் இறுகிக் கிடந்தால் முதுகெலும்பு வாத நோயைச் சோதிக்க வேண்டும். திடீரென்று நடையைக் கூட்டியவருக்கோ எலும்பு மெலிந்தவருக்கோ, குதிகாலை இருபுறமும் பிடித்து அழுத்தினால் கடுமையாக வலித்தால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கக்கூடும். படுத்திருக்கும்போதும் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், சிவப்பு, வீக்கம், அடிபட்டபின் ஊன்றவே முடியாத நிலை ஆகியவையும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. தமிழ்நாட்டில் 2006இல் சிக்குன்குனியா பரவியபோது காய்ச்சல் போய் மாதங்கள் கழிந்தும் கணுக்காலும் பாதமும் வலித்தவர்களைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். அந்த மூட்டு வலியை இந்த நார்ப்பட்டை வலியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

இனி கைவைத்தியத்துக்கு வருவோம். சித்த மருத்துவத்தில் இது குதிகால் வாதம். கிராமங்களில் இன்றும் செய்கிற முறை ஒன்று உண்டு. செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்க இலைகளை அடுக்கி, குதிகாலை அதில் வைத்து எடுப்பார்கள். நொச்சி இலை ஒத்தடம், கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டிக் கொடுக்கும் ஒத்தடம், உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவைப்பது, விளக்கெண்ணெய் தேய்ப்பது என்று வீட்டுக்கு வீடு முறை மாறும். இவற்றை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. வெப்பம் தசையைத் தளர்த்துகிறது. வலி சற்று நேரம் அடங்குகிறது. பகலெல்லாம் நின்ற கால் ஒரு மணி நேரமாவது ஓய்வில் இருக்கிறது, ஒருவர் அக்கறையோடு தொட்டுத் தேய்க்கிறார். இவற்றின் மதிப்பைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் சிதைந்த நார் ஒத்தடத்தால் கூடிவிடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒத்தடத்தைப் பயிற்சிக்கு முன்னால் வைத்துக்கொண்டால் அதன் பலன் முழுதாகக் கிடைக்கும். தசை தளர்ந்திருக்கும்போது நீட்டுவது எளிது. ஐஸ் வைப்பதும் இதே கணக்கில்தான் வருகிறது. தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, துணி சுற்றி, பாதத்தின் அடியில் பத்து நிமிடம் உருட்டினால் மாலை வலி குறையும். எதில் சுகம் கிடைக்கிறதோ அதைச் செய்யலாம். எருக்கம் பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும், தோலையும் சிலருக்குக் கொப்பளிக்க வைக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

நீட்டல் பயிற்சிக்கு வருகிறேன். வீட்டு மருத்துவத்தில் ஆதாரம் வலுவாக உள்ள பகுதி இதுதான், மக்களிடம் சரியாகச் சொல்லப்படாததும் இதுதான். மருத்துவமனைகளில் அவசரமாகக் கையில் திணிக்கப்படும் தாளில் படம் மட்டும் இருக்கும். எப்போது, எவ்வளவு நேரம், எத்தனை மாதம் என்பது இருக்காது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் பெனடிக்ட் டிஜியோவானி குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் பத்து மாதத்துக்கு மேல் வலியோடு இருந்த 101 பேர் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினர் வழக்கமான கெண்டைக்கால் நீட்டலைச் செய்தார்கள். மற்றவர்கள் பட்டையையே குறிவைத்து நீட்டினார்கள். எட்டு வாரத்தில் இரண்டாம் பிரிவினருக்கு, குறிப்பாகக் காலை முதல் அடி வலியில், தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. பிறகு எல்லோருக்கும் அதே பயிற்சி கற்பிக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்துப் பதில் அனுப்பிய 66 பேரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வலி குறைந்ததாகச் சொன்னார்கள்.

செய்முறை எளிது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து வலிக்கும் காலைத் தூக்கி மறுதொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையால் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து முழங்காலை நோக்கிப் பின்னுக்கு இழுங்கள். மறுகையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தால் பட்டை நாணேற்றிய வில்லைப்போல் விறைத்து நிற்பது தெரியும். அப்படித் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். பத்து விநாடி பிடித்து விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. முதல் வேளை, காலையில் பாதம் தரையைத் தொடுவதற்கு முன். இதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். எழுந்து, குளியலறை போய், காபி குடித்துவிட்டுப் பயிற்சி செய்தால் அன்றைய கிழிசல் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். நெடுநேரம் உட்கார்ந்து எழுவதற்கு முன்பும் ஒருமுறை செய்யலாம். இதோடு சுவரில் கைகளை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையிலேயே அழுத்தி முன்சாயும் கெண்டைக்கால் நீட்டலையும் சேர்த்துக்கொண்டால் ரிடில் கண்ட இறுக்கத்துக்கும் வழி செய்ததாகிறது. முழங்காலை நீட்டி ஒருமுறை, லேசாக மடக்கி ஒருமுறை. கெண்டையில் இரு தசைகள் இருப்பதால் இரண்டு விதமும் தேவை.

நீட்டுவது வலியைத் தணிக்கும். தாங்கும் வலுவைக் கூட்டுவது அடுத்த படி. டென்மார்க்கில் மைக்கேல் ராத்லெஃப் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 48 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் நீட்டல் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கினார்கள். விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள், அப்போது விரல்கள் மேல்நோக்கி மடங்கிப் பட்டையும் சேர்ந்து உழைக்கிறது. மூன்று விநாடி ஏற்றம், மேலே இரண்டு விநாடி நிறுத்தம், மூன்று விநாடி இறக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள். பன்னிரண்டு தடவைக்கு மேல் முடியாத அளவு பாரத்தில் தொடங்கி, வாரங்கள் போகப் போக முதுகுப் பையில் புத்தகங்களை அடுக்கிப் பாரத்தைக் கூட்டினார்கள். மூன்று மாத முடிவில் இவர்களுடைய முன்னேற்றம் நீட்டல் பிரிவினரை விட அதிகம். ஓராண்டில் இரு பிரிவும் ஏறத்தாழச் சமமாகிவிட்டன. அதனால் இதை மந்திரமாக நினைக்கத் தேவையில்லை, விரைவாக மீள ஒரு வழி என்று கொள்ளலாம். ஐம்பது வயதில் ஒற்றைக் காலில் படிவிளிம்பில் நிற்பது எல்லோராலும் முடியாது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலிலும், சமதளத்தில் தொடங்கலாம். பயிற்சியின்போது சிறு வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை முதல் அடி முன்னைவிட மோசமாக இருந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

வலி நடையை முழுதாக நிறுத்தச் சொல்லவில்லை, அளவைத்தான் குறைக்கச் சொல்கிறது. அசையாமல் கிடந்த பட்டை மேலும் பலவீனமாகிறது. திருவண்ணாமலை கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். வருடம் முழுக்க அரை மணி நேரம் நடக்காதவர், பௌர்ணமியன்று வெறுங்காலில் தார்ச்சாலையில் அதைச் சுற்றி வந்து மறுவாரம் குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில் வியப்பில்லை. பழனிப் பாதயாத்திரை போகிறவர்களுக்கும் இது பொருந்தும். நேர்த்திக்கடனை விடச் சொல்லவில்லை. இரண்டு மாதம் முன்பே தொடங்கி, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் தூரத்தைக் கூட்டினால் கால் அதற்குப் பழகும்.

தரைக்கும் காலணிக்கும் தனியாக இடம் தர வேண்டும். நம் வீடுகளுக்குள் செருப்புப் போடுவதில்லை. மண் தரையும் சாணம் மெழுகிய தரையும் போய் டைல்ஸும் கிரானைட்டும் வந்துவிட்டன. பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் வெறுங்காலோடு நிற்கத் தொடங்கும் பெண் பத்து மணிவரை அந்தக் கல்மேல்தான் நிற்கிறார். மருத்துவர் எழுதித் தந்த மெத்தென்ற செருப்பு வாசலில் கிடக்கிறது. வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கென்று தனியாக ஒரு ஜோடி வாங்கிக்கொள்வது, பூஜையறை வாசலில் அதைக் கழற்றிவிட்டுப் போவது, அடுப்பின் முன்னால் தடித்த மிதியடி போடுவது, காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்வது ஆகியவற்றை எந்த மருந்துக்கும் முன்னால் வைப்பேன். மாமியார் முகம் சுளிப்பார் என்று தயங்கும் மருமகள்கள் இருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் மற்றவர்கள்தான் முதலில் பேச வேண்டும்.

எப்படிப்பட்ட செருப்பு? தட்டையான, மெல்லிய ரப்பர் செருப்பு கூடாது. மாதக்கணக்கில் தேய்ந்து ஒருபக்கம் சாய்ந்தது கூடவே கூடாது. குதிகால் சற்று உயர்ந்து, வளைவுக்கு முட்டுக் கொடுத்து, பின்பக்கம் வாருள்ளதாக இருந்தால் நல்லது. தமிழ்நாட்டுக் கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தரும் எம்.சி.ஆர். செருப்புக்குப் பின்னால் நம் மண்ணின் வரலாறு இருக்கிறது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டும் அவரோடு வேலூரிலும் கரிகிரியிலும் உழைத்தவர்களும், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் ஏன் புண் வருகிறது என்று ஆராய்ந்தார்கள். நோய்க்கிருமி காலைத் தின்பதில்லை, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் புண்ணாக்குகிறது என்பது அவர்கள் கண்டது. அழுத்தத்தைப் பரப்பிவிடும் மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்புகள் அந்த அக்கறையில் பிறந்தவை. பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கும் குதிகால் வலிக்காரர்களுக்கும் அவை வந்து சேர்ந்தன.

ஷூவுக்குள் வைக்கும் மெத்தைகளில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பாதத்தை அச்செடுத்துத் தனியாகச் செய்யும் விலையுயர்ந்த உள்ளடிகள்தான் சிறந்தவை என்று விற்கப்படுகின்றன. அமெரிக்காவில் க்ளென் ஃபெஃபர் 1999இல் வெளியிட்ட ஆய்வில் 236 பேர் எட்டு வாரம் எல்லோருமே நீட்டல் பயிற்சி செய்தார்கள். கூடவே சிலிகோன் குதிகால் மெத்தை வைத்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். பயிற்சி மட்டும் செய்தவர்களில் 72 சதவீதம். தனியாக அச்செடுத்துச் செய்த உள்ளடி வைத்தவர்களில் 68 சதவீதம்தான். 2006இல் ஆஸ்திரேலியாவின் கார்ல் லாண்டார்ஃப் 135 பேரை ஓராண்டு கவனித்தபோதும் தயார்நிலை உள்ளடிக்கும் அச்செடுத்ததற்கும் வேறுபாடு தெரியவில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் சிலிகோன் மெத்தையை இரண்டு காலுக்கும் வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகு பெரிய செலவைப் பற்றி யோசிக்கலாம். டேப் ஒட்டுவதும் முதல் வாரத்தில் உதவுகிறது. பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை ஒட்டிக் காட்டினால் வீட்டில் இருப்பவர் கற்றுக்கொள்ளலாம். முட்கள் போன்ற குமிழ்கள் உள்ள அக்குபிரஷர் செருப்பும் பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு நடைப் பாதையும் இந்த வலிக்குப் பொருத்தமில்லை. நொந்த இடத்தையே மறுபடி இடிக்கின்றன.

மாத்திரை, ஊசி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சில நாள் தாக்குப்பிடிக்க உதவும். அதற்கு மேல் மருத்துவரைக் கேட்காமல் தொடர்ந்தால் வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள் கடைக்காரரிடம் கேட்டு வாங்கவே கூடாது. ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி 2012இல் மெல்போர்னில் 82 பேரிடம் நடந்த ஆய்வு, நான்கு வாரத்தில் வலி குறைந்ததைக் காட்டியது. எட்டாவது வாரத்தில் போலி ஊசிக்கும் அதற்கும் வலியில் வேறுபாடு இல்லை. திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகவும் கொழுப்பு மெத்தை கரையவும் வாய்ப்புண்டு. சர்க்கரை அளவும் ஏறும். மகள் கல்யாணத்துக்கு நிற்க வேண்டும் என்பவருக்கு ஒருமுறை போடுவதில் நியாயம் இருக்கலாம், மாதாமாதம் போடுவதில் இல்லை. ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தீராதவர்களுக்கு அதிர்வலைச் சிகிச்சை இருக்கிறது. அறுவை சிகிச்சை தேவைப்படுபவர்கள் மிகச் சிலரே.

எத்தனை நாளில் தீரும்? இதை நேர்மையாகச் சொல்பவர்கள் குறைவு. ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் ஆறுதல். 2018இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட 174 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. வலி தொடங்கி ஐந்தாண்டு ஆன நிலையில் பாதிப் பேருக்கும், பத்தாண்டில் சுமார் 46 சதவீதம் பேருக்கும் ஏதோ ஓர் அளவில் தொல்லை மிச்சமிருந்தது. இவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டு மருத்துவமனை வரை போனவர்கள். அதனால் எல்லோருக்கும் இதே கதி என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ‘இரண்டு வாரத்தில் குணம்’ என்ற விளம்பரத்தை நம்பிப் பயிற்சியை மூன்றாவது வாரம் கைவிடுபவருக்கு இந்த எண் தெரிய வேண்டும். குறைந்தது மூன்று மாதம் என்று மனத்தில் வைத்துத் தொடங்க வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களைப் பற்றித் தனியாகப் பேசியே ஆக வேண்டும். இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. அவர்களில் எத்தனையோ பேருக்குப் பாதம் மரத்துப்போயிருப்பது அவர்களுக்கே தெரியாது. சூடான செங்கல், கொதிநீர், ஐஸ், கூழாங்கல் நடை ஆகிய எதுவும் அந்தக் கால்களுக்கு வேண்டாம். சுட்டது தெரியாமல் கொப்பளித்து, கொப்பளம் புண்ணாகி, புண் விரலைப் பறித்த கதை ஊருக்கு ஊர் இருக்கிறது. காலைக் கழுவும் நீரின் சூட்டைக்கூட முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், அல்லது உணர்வுள்ள வேறொருவர் பார்க்க வேண்டும். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும், விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைப்பதும் இவர்களுக்கு முதல் வீட்டு மருத்துவம். பாதம் வீங்கி, சூடாகி, சிவந்து, ஆனால் வலியே இல்லாமல் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

பித்தவெடிப்பும் இவர்களுக்குச் சிறிய விஷயமாக இருக்க முடியாது. நரம்பு பாதித்த பாதத்தில் வியர்வை குறைகிறது, தோல் காய்ந்து வெடிக்கிறது, வெடிப்பு வழியே கிருமி நுழைகிறது. பத்து நிமிடம் மிதமான நீரில் ஊறவைத்து, ஈரம் ஒற்றியதும் யூரியா கலந்த களிம்போ வாஸ்லினோ தடவிப் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுக்கலாம். விரலிடுக்கில் தடவக் கூடாது. பிளேடால் செதுக்குவதும் கரடுமுரடான கல்லில் தேய்த்து எடுப்பதும் சர்க்கரை உள்ளவர்களுக்கு அறவே ஆகாது. வீடு தேடி வந்து மருந்தும் பிசியோதெரபியும் தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. கதவைத் தட்டும் அந்த ஊழியர் மாத்திரையோடு பாதத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

இவ்வளவும் வீட்டில் செய்யக்கூடியவை. ஆனால் குதிகால் வலிக்காரர்களில் பெரும்பகுதியினர் நாளின் பத்து மணி நேரத்தைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவில்லை. வசந்தபாலன் 2010இல் எடுத்த ‘அங்காடித் தெரு’ சென்னைத் துணிக்கடைகளில் நின்றே தேயும் கால்களைத் திரையில் காட்டியது. கேரளத்தில் கோழிக்கோட்டின் ‘பெண்கூட்டு’ போன்ற அமைப்புகளின் போராட்டத்துக்குப் பிறகு 2018இல் கடை ஊழியர்கள் உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை ஏற்பாடு செய்வதைக் கட்டாயமாக்கியது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காரலாம் என்பது அதன் சாரம். நாற்காலி இருந்தும் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்கிறார் என்றால் அந்தச் சட்டம் காலுக்கு எட்டவில்லை. வாடிக்கையாளர் இல்லாத ஐந்து நிமிடத்தில் உட்காருவது, நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கெண்டைக்கால் நீட்டல், ஷூவுக்கு ஒரு சிலிகோன் மெத்தை என்று ஓர் ஊழியருக்கு ஆகும் செலவு, அவர் அடுக்கி வைக்கும் பட்டுப்புடவை ஒன்றின் விலைக்கு அருகில்கூட வராது. தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் நாற்காலிகளை எண்ணுவதோடு நிற்காமல், விற்பனைப் பெண்களிடம் தனியாக, இன்று எத்தனை முறை உட்கார்ந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.